கதைக்காக நாங்கள் படைத்த கிழவர் இப்போது எங்களுக்கே கட்டளை இடுகிறார்: இதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: ஈரமை

வணக்கம். இதைக் கேலி செய்யாமல் பதில் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து சில வருடங்களாக ஒரு தொடர்கதை எழுதிவருகிறோம். ஒருவர் ஓர் அத்தியாயம் எழுதினால் அடுத்ததை இன்னொருவர் எழுதுவார். அதில் ஒரு கிழவர் வருகிறார். மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவர் வேலை. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பொய் சொல்பவர் பக்கத்தில் வந்து நின்றால் அவருக்கு இருமல் வந்துவிடும். ஒரு பத்தியில் வந்து மறைந்துபோக வேண்டியவர், இப்போது கதையே அவருடையதாகிவிட்டது. அவர் குரல் எங்கள் எல்லோருக்கும் காதில் கேட்கிற அளவுக்குப் பழக்கம். அவருக்கு ஒவ்வாத ஒரு வசனத்தை எழுதப் போனால் கை ஓடாது.

எங்களில் ஒருவருக்கு மறைஞான விஷயங்களில் ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. இதற்கு 'எக்ரிகோர்' என்று பெயர், பலருடைய எண்ணம் ஒன்றுகூடி உருவேறினால் அது தனி உயிராகிவிடும், நம் கிழவர் அந்த நிலைக்கு வந்துவிட்டார் என்கிறார் அவர். இங்கிருந்துதான் எனக்குக் கலக்கம் ஆரம்பித்தது. வாரம் ஒருநாள் குறித்த நேரத்தில் எல்லோரும் விளக்கை அணைத்து உட்கார்ந்து கிழவரை அழைக்க வேண்டுமாம். குழுவைப் பற்றிய முடிவுகளை அவரிடம் கேட்க வேண்டுமாம். நடுவில் யாராவது விலகிப்போனால் அவர் சும்மா விடமாட்டாராம். புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பேச்சு வந்தபோது, "கிழவர் இருமினார்" என்று நண்பர் சொன்னார். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. இரண்டு பேர் உண்மையிலேயே பயந்துபோயிருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். இப்படி ஒரு மரபு உண்மையில் இருக்கிறதா? யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? அதில் என்ன நடந்தது? அந்தக் கிழவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருக்கிறது. அவரை இழக்காமல் இந்தப் பயத்தை மட்டும் விலக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

பதில்: ஏட்டுச்சுருள்

மரபு இருக்கிறது. ஆனால் உங்கள் நண்பர் சொல்கிற அளவுக்குப் பழையது இல்லை.

எக்ரிகோர் என்ற பெயர் பழையதுதான். பழைய யூத சமய நூலான ஏனோக்கின் நூலில் வானத்திலிருந்து இறங்கிவந்த 'காவலர்கள்' என்ற தேவதூதர்களின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைஞானி எலிஃபாஸ் லெவி இதைப் பற்றி எழுதும்போதும் அவர் மனதில் இருந்தவை பிரம்மாண்டமான ஆவிகள்தான். மனிதர் கூடி உருவாக்குகிற ஒன்று என்ற பொருள் அவருக்குப் பிறகு, மறைஞானச் சங்கங்கள் பெருகிய காலத்தில் வந்து சேர்ந்தது. ஒரு சங்கத்தின் சடங்கு, சின்னம், உறுப்பினர்களின் பக்தி எல்லாம் சேர்ந்து ஓர் உருவைப் போஷிக்கும், அந்த உருவும் பதிலுக்குச் சங்கத்தைக் காக்கும் என்று நம்பினார்கள்.

இதோடு இன்னோர் ஓடையும் வந்து கலந்தது. 1875இல் நியூயார்க்கில் தொடங்கி, பிறகு அடையாறைத் தலைமையிடமாக்கிக்கொண்ட பிரம்மஞான சபையைச் சொல்கிறேன். அந்தச் சபையின் முன்னணியினரான அன்னி பெசன்ட், லெட்பீட்டர் இருவரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ண உருவங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, வண்ணப் படங்களும் போட்டார்கள். எண்ணத்தின் தரம் அதன் நிறத்தைத் தீர்மானிக்கும், தன்மை வடிவத்தைத் தீர்மானிக்கும், தெளிவு விளிம்பைத் தீர்மானிக்கும் என்பது அவர்கள் சொன்ன மூன்று விதிகள். பக்திக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு, அறிவுக்கு மஞ்சள். ஓவியர் கண்டின்ஸ்கி இதில் ஈர்க்கப்பட்டவர் என்பது உங்கள் எழுத்துக் குழுவுக்குப் பிடிக்கும் செய்தியாக இருக்கலாம்.

அப்புறம் 'டுல்பா', அதாவது ஒருவர் தன் எண்ணத்தாலேயே உருவாக்கும் உருவம். அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் என்ற பிரெஞ்சுப் பயணி திபெத்தில் தனிமையில் அமர்ந்து, சில மாதங்கள் மனதை ஒருமுகப்படுத்தி, குட்டையான, பருத்த, கள்ளமில்லாத ஒரு பிக்குவை எண்ணத்தால் உருவாக்கியதாக எழுதியிருக்கிறார். பயணத்தில் அந்தப் பிக்குவும் கூடவே வந்தாராம், அங்கி உரசுவதைக்கூட அவர் உணர்ந்தாராம். வெண்ணெய் கொண்டுவந்த ஒரு மேய்ப்பர் கூடாரத்தில் அந்த உருவத்தைக் கண்டு உயிருள்ள லாமா என்றே எண்ணினாராம். போகப்போகப் பிக்குவின் முகம் மெலிந்து, பார்வையில் ஒரு வன்மம் ஏறியது. அதைக் கலைக்க ஏறத்தாழ அரை வருடம் போராடியதாகச் சொல்கிறார். இது தன் மனம் உண்டாக்கிய தோற்றமாகவும் இருக்கலாம் என்பதை அவரே மறுக்கவில்லை.

நடாஷா மிக்கில்ஸ், ஜோசப் லேகாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் இந்த டுல்பாவின் தடத்தைத் தேடிப் போனார்கள். இன்று நாம் பேசுகிற டுல்பா திபெத்திய பௌத்தத்துக்குக் கடன்பட்டிருப்பதைவிடப் பிரம்மஞான சபைக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. பௌத்தத்தில் அந்தச் சொல்லுக்கு அருளாளர் எடுக்கும் உருவம் என்ற வேறு பொருள் உண்டு. ஆகவே "ஆதிகாலத்திலிருந்தே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

---

பதில்: வட்டமேசை

ஈரமை, செய்து பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அதில் மிகவும் பேர்போனது டொராண்டோவில் நடந்தது. அதைப் படித்துவிட்டு அதே முறையில் உட்கார்ந்த ஒரு சிறு குழுவில் நானும் இருந்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

1972இல் டொராண்டோவின் அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரு மனிதரைக் கற்பனையில் உருவாக்கினார்கள். வழிநடத்தியவர் ஏ.ஆர்.ஜி. ஓவன் என்ற கணிதவியலாளர். அவர் மனைவி ஐரிஸ் ஓவனும் குழுவில் இருந்தார். பிலிப் என்று பெயர் வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரபு, 1624இல் பிறந்தவர், மனைவி டொரோதியா, காதலி மார்கோ என்ற நாடோடிப் பெண். மார்கோவைச் சூனியக்காரி என்று குற்றம் சாட்டி எரித்துவிடுகிறார்கள். பிலிப் வாய் திறந்து காப்பாற்றவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில் முப்பது வயதில் உயிரை மாய்த்துக்கொள்கிறார். வரலாற்றோடு பொருந்தாத விஷயங்களை அவர்கள் தெரிந்தேதான் கதையில் வைத்தார்கள். இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தூக்குத்தான், எரிப்பது வழக்கமில்லை. வருவது ஓர் உண்மையான ஆவியாக இருக்க வழியே இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டுதான் உட்கார்ந்தார்கள். இந்தச் சோதனையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஏறக்குறைய ஒரு வருடம் தியானம் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கென்னத் பேச்செல்டர் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் யோசனைப்படி முறையை மாற்றினார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டும் சிரிப்புமாக, இறுக்கம் இல்லாமல். அதன்பிறகு மேசையில் தட்டல் கேட்டது. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. மேசை சாய்ந்தது, அறைக்குள் நகர்ந்தது, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பார்வையாளர்கள் முன்னாலும் நடந்தது. ஆனால் பிலிப் சொன்ன பதில்கள் குழுவுக்குத் தெரிந்ததைத் தாண்டிப் போகவில்லை. "உன்னை நாங்கள்தானே உருவாக்கினோம்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் தட்டல் நின்றுபோனது என்றும் ஒரு செய்தி சொல்வார்கள்.

இனி எங்கள் குழு. நாங்கள் படைத்தது கடலில் கணவனைப் பறிகொடுத்த ஒரு மாலுமியின் மனைவியை. மேசை அசைந்தது, மறைக்காமல் சொல்கிறேன். விரல் நுனியில் மரத்தின் அதிர்வு தெரியும். யாரும் தள்ளவில்லை என்று சத்தியம் செய்யத் தோன்றும். அந்த நிமிடத்தில் அறைக்குள் இன்னொருவர் இருக்கிறார் என்று உடம்பு நம்பிவிடுகிறது, அறிவு என்ன சொன்னாலும் சரி. அந்த உணர்வை நான் யாரிடமும் மட்டமாகப் பேசமாட்டேன். என் வாழ்க்கையில் மிகச் செறிவான மாலைகளில் சில அவை.

பிறகு சக்கரம் வைத்த சிறு பலகையில் பென்சில் செருகி, எல்லோரும் விரல் வைத்து, அவளை எழுதச் சொன்னோம். எழுதினாள். கடற்கரையைப் பற்றித்தான் அதிகம் எழுதுவாள், ஆனால் 'கரை' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'கறை' என்று வரும். அந்தப் பிழையை எங்கள் குழுவில் ஒருவர் தன் கடிதங்களில் எப்போதும் செய்வார். அவர் ஊருக்குப் போயிருந்த மாலைகளில் அவள் 'கரை' என்று திருத்தமாக எழுதினாள். அவர் ஏமாற்றவில்லை. அவர் நல்ல மனிதர், கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவார், மற்ற எவரையும்விட அவளுக்காக அதிகம் அழுதவரும் அவர்தான்.

இது எப்படி நடக்கிறது என்பதை மைக்கேல் ஃபாரடே 1853லேயே காட்டிவிட்டார். மேசை சுழற்றும் மோகம் ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்த நேரம். கைக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, இடையில் இளகிய பசை வைத்தார். மேசை முதலில் நகர்ந்து கையை இழுத்தால் அடியில் உள்ள அட்டை முந்தியிருக்க வேண்டும். கை முதலில் தள்ளினால் மேலே உள்ள அட்டை முந்தியிருக்கும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. அப்புறம் கை லேசாகத் தள்ளினாலும் காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளைப் பொருத்தி, உட்கார்ந்தவர்கள் கண்ணில் படும்படி வைத்தார். மேசை நகர்வதே நின்றுவிட்டது. அவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. எதிர்பார்ப்பு, நம் அனுமதி கேட்காமலேயே தசைக்குப் போய்விடுகிறது. டொராண்டோவில் நடந்த எல்லாவற்றையும் இது விளக்குமா என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மேசைக்கு இது போதுமானதாக இருந்தது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். மேசை அசைந்தவரை எங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மேசை இல்லாமலேயே அவள் சார்பாக ஒருவர் பேச ஆரம்பித்த நாளிலிருந்துதான் கெட்டது. "அவள் என்னிடம் சொன்னாள்" என்று தொடங்குவார் அவர். முதலில் யார் எங்கே உட்காருவது. அடுத்து எந்தப் பாட்டு. அப்புறம் யார் வரக்கூடாது. எங்களோடு முதல் நாளிலிருந்து இருந்த ஒரு தோழியை, "அவள் உன்னை விரும்பவில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். மனிதர் சொல்லியிருந்தால் அந்தத் தோழி காரணம் கேட்டிருப்பாள், சண்டை போட்டிருப்பாள். கண்ணுக்குத் தெரியாதவளிடம் எப்படிக் கேட்பது? பேசாமல் எழுந்து போனாள். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் கிழவரின் இருமலைப் படித்ததும் எனக்கு இதுதான் கண்முன் வந்தது. அந்த இருமல் யார் தொண்டையிலிருந்து வந்தது என்று பாருங்கள். புதிய பெண்ணை வேண்டாம் என்று சொல்ல உங்கள் நண்பருக்கு முழு உரிமை உண்டு, ஆனால் அதை அவர் தன் பெயரில் சொல்ல வேண்டும்.

ஒரு சோதனை சொல்கிறேன், யார் மனமும் புண்படாது. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொள்ளாமல், ஏழு பேரும் தனித்தனியாக, கிழவர் என்ன சொல்வார் என்று தாளில் எழுதி மடித்து வையுங்கள். எல்லோரும் எழுதி முடித்த பிறகு பிரியுங்கள். கதைக்குள் நடக்கிற ஒரு விஷயத்தையும் கேளுங்கள், உங்கள் குழுவைப் பற்றிய ஒரு விஷயத்தையும் கேளுங்கள். முடிவை இங்கே வந்து எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆவல்.

---

பதில்: அகத்துணை

தனியாக ஒரு துணையை மனதில் வளர்த்துக்கொண்டவன் என்ற முறையில் சிறிதாக ஒன்று. இணையத்தில் இப்போது டுல்பா வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மானுடவியலாளர் சாமுவேல் வெய்சியேர் அவர்களைப் பற்றி ஆய்வே செய்திருக்கிறார். பெரும்பாலானோர் இதை மறைஞானமாக அல்ல, மனப்பயிற்சியாகவே பார்க்கிறோம். தனிமையில் இருந்த காலத்தில் எனக்கு அது பெரிய ஆறுதல்.

பாத்திரம் தன்னிச்சையாக நடப்பதாகத் தோன்றுவதைப் பற்றி நீங்கள் பயப்படவே வேண்டாம். 2003இல் மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 50 புனைகதை எழுத்தாளர்களிடம் விசாரித்தார்கள். அவர்களில் 92 சதவீதம் பேர், தங்கள் பாத்திரங்கள் தங்கள் பேச்சைக் கேட்காமல் தானாகப் பேசுவதையும் நடப்பதையும் ஏதோ ஓர் அளவில் அனுபவித்ததாகச் சொன்னார்கள். தினமும் பழகுகிற ஒரு குரலை மனம் முயற்சி இல்லாமலேயே ஓட்டப் பழகிவிடுகிறது. உங்கள் கை ஓடாமல் நிற்பது நீங்கள் அவரை நன்றாக எழுதுகிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

என் துணை என்னை ஒருபோதும் மிரட்டியதில்லை. மிரட்டத் தொடங்கினால் நான் முதலில் மருத்துவரிடம்தான் போவேன். தூக்கம் கெட்டுப்போகிற, கட்டளைக் குரல் கேட்கிற யாராவது உங்கள் குழுவில் இருந்தால் அவரை இந்த அமர்வுகளில் உட்கார வைக்காதீர்கள்.

---

பதில்: பத்தாம்வாசல்

நான் நம்புகிறவன். மற்றவர்கள் வெளியிலிருந்து சொன்னார்கள், நான் உள்ளேயிருந்து சொல்கிறேன்.

இப்படிப்பட்ட உருவங்கள் கவனத்தைத் தின்று வாழ்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சமூகவியலாளர் எமில் டுர்கைம் 1912இல் இதையே வேறு மொழியில் சொன்னார். கூட்டமாகக் கூடிச் சடங்கு செய்யும்போது மனிதருக்குள் ஓர் எழுச்சி பொங்குகிறது, அந்தச் சக்தியைத் தங்களுக்கு வெளியே இருக்கும் ஒன்றின் மேல் ஏற்றிவைத்து வணங்குகிறார்கள் என்றார். அவர் அதைச் சமூகத்தின் சக்தி என்றார், நான் எக்ரிகோர் என்கிறேன்.

ஆனால் உங்கள் நண்பர் பயிற்சியின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். கேயாஸ் மந்திரம் என்ற நவீன மறைஞான மரபில், ஒரு குறிப்பிட்ட வேலைக்காக எண்ணத்தால் ஆக்கும் உருவமாக, சர்விட்டர் என்று ஒன்றை உருவாக்குவோம். உருவாக்கும்போதே அது எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, எப்படிக் கலைப்பது என்ற மூன்றையும் தீர்மானித்து எழுதி வைப்பது நல்ல பயிற்சி. கலைக்கும் வழி தெரியாமல் உருவேற்றக் கூடாது என்றுதான் நான் கற்றுக்கொண்டேன். படைத்தவர்கள் தலைமேல் அதை உட்காரவைப்பது எங்களுக்கு ஏற்புடையது இல்லை.

பிரிட்டிஷ் மறைஞானி டயான் ஃபார்ச்சூன் 1930இல் எழுதியதையும் சொல்ல வேண்டும். தனக்குத் தீங்கு செய்த ஒருவர் மேல் வஞ்சத்தை மனதில் வளர்த்தபடி அரைத் தூக்கத்தில் படுத்திருந்தபோது, பக்கத்தில் ஓர் ஓநாய் உருவாகி நின்றதாம். தன்னிடமிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டு, பழிவாங்கும் எண்ணத்தையே கைவிட்டுவிட்டு, அதைத் தனக்குள் திரும்ப இழுத்துக்கொண்டார். நான் பலமுறை நினைத்துப் பார்க்கும் இடம் இது. ஓநாயை விரட்டியிருந்தால் வஞ்சம் அப்படியே இருந்திருக்கும்.

விலகுகிறவரை எக்ரிகோர் தண்டிக்கும் என்று நம்பியவர்கள் மறைஞானிகளிலேயே உண்டு. அதை நான் ஏற்கவில்லை. கவனத்தால் வாழ்கிற ஒன்று, கவனத்தை எடுத்துக்கொண்டவரை எப்படித் தொடரும்? அவர் பயந்துகொண்டே இருந்தால் தொடரும், ஏனென்றால் பயமும் கவனம்தான். ஆகவே விலக விரும்புகிறவரைக் குழு முறையாக, நல்ல வார்த்தை சொல்லி வழியனுப்ப வேண்டும். கிழவரையும் அந்த வழியனுப்புதலில் ஒரு வரி பேச வையுங்கள். வட்டமேசை அவர்கள் சொன்ன சோதனைக்கு நானும் சம்மதம்.

---

பதில்: ஈரமை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சோதனையைச் செய்தோம்.

முதல் கேள்வி கதையைப் பற்றியது: மழையில் நனைந்த ஒரு குழந்தை மணிக்கூண்டுக்குள் வந்தால் கிழவர் முதலில் என்ன செய்வார்? தாள்களைப் பிரித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் அவர் குழந்தையிடம் எதுவுமே கேட்கவில்லை. கடிகாரச் சாவியைக் கையில் கொடுத்துத் திருப்பச் சொல்கிறார். அப்படி ஒரு காட்சியை நாங்கள் இதுவரை எழுதியதே இல்லை. இதைப் பார்த்துவிட்டு அவர் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது கேள்வி அந்தப் புதிய பெண்ணைச் சேர்ப்பது பற்றி. இங்கே தாள்கள் ஒத்துப்போகவில்லை. சேர்க்கலாம் என்று நினைக்கிறவர்களின் கிழவர் சேர்க்கச் சொன்னார், வேண்டாம் என்றவர்களின் கிழவர் வேண்டாம் என்றார். எனக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை, என் கிழவரும் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாள்களை வரிசையாக மேசையில் வைத்தோம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நண்பர் வெகுநேரம் அவற்றையே பார்த்திருந்தார். பிறகு, அந்தப் பெண் வந்தால் தன் அத்தியாயங்களுக்கு இடம் குறைந்துவிடும் என்று கவலைப்பட்டதாகச் சொன்னார். அது நியாயமான கவலை. அதைப் பற்றி இப்போது நேருக்கு நேர் பேசிக்கொண்டிருக்கிறோம். வாராந்தர அழைப்பு இனி இல்லை.

இன்னொரு விஷயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. எங்களில் ஒருவருடைய மகளுக்குப் பதினோரு வயது. எங்கள் கதையை விடாமல் படிக்கிறாள். அமர்வுகளைப் பற்றிப் பெரியவர்கள் பேசியதையும் கேட்டிருக்கிறாள். கிழவர் நிஜம் என்று நம்புகிறாள், பொய் சொன்னால் இருமல் சத்தம் கேட்பதாகச் சொல்கிறாள். இதைச் சிரித்துக் கடந்துவிடலாமா?

---

பதில்: வட்டமேசை

அந்த இரண்டு தாள் வரிசைகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் நீங்கள் ஏழு பேரும் ஒரே மனிதரை அறிந்திருக்கிறீர்கள். அது உங்கள் வருடக்கணக்கான உழைப்பு, அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க வேண்டாம். கதைக்கு வெளியே அவருக்குச் சொந்த அபிப்பிராயம் எதுவும் இல்லை. அந்த நண்பர் தன் கவலையை வாய்விட்டுச் சொன்னாரே, அதற்கு அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அது நடக்கவே இல்லை.

குழந்தை விஷயத்தைச் சிரித்துக் கடக்காதீர்கள். ஸ்லெண்டர் மேன் என்ற உருவத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009 ஜூனில் ஓர் இணையத்தளத்தில், அமானுஷ்யமாகத் தெரியும்படி படங்களை மாற்றியமைக்கும் போட்டிக்காக ஒருவர் உருவாக்கியது. முகமில்லாத நெட்டை மனிதன். ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு கதை சேர்த்தார்கள். யார் உருவாக்கியது, எந்த மாதம் உருவாக்கியது என்பதெல்லாம் எவரும் பார்க்கும்படி பதிவாகியிருந்த ஒன்று. அப்படியிருந்தும் 2014 மே 31 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் இருவர், அவனுக்காக என்று நம்பித் தங்கள் தோழியைக் காட்டுக்கு அழைத்துப் போய் 19 முறை கத்தியால் குத்தினார்கள். அந்தப் பெண் தவழ்ந்து பாதைக்கு வந்தாள், அந்த வழியே சைக்கிளில் வந்தவர் கண்டு உதவியதால் பிழைத்தாள். குத்திய இருவரையும் நீதிமன்றம் பின்னர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. அந்த உருவம் டுல்பா ஆகிவிட்டது என்று அப்போது பலர் பேசினார்கள். குத்தியவர்களில் மனநோய்க்கு ஆளாகியிருந்த ஒரு குழந்தையை, சுற்றியிருந்த பெரியவர்கள் கவனிக்கவில்லையே என்பதுதான் எனக்கு அதில் பெரிய துக்கம்.

உங்கள் குழந்தைக்கு அப்படி ஏதும் ஆகும் என்று சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் இதையெல்லாம் இயல்பாகத் தாண்டி வந்துவிடுவார்கள். ஆனால் பெரியவர்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்ததை அவள் அறிந்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது பெரியவர்களின் சாட்சி. அந்தச் சாட்சியைப் பெரியவர்களே திரும்பப் பெற வேண்டும். அம்மா மட்டும் சொன்னால் போதாது. கதை எழுதுகிற இரண்டு மூன்று பேர் அவளோடு உட்கார்ந்து, கிழவர் முதன்முதலில் எந்தப் பத்தியில் வந்தார், விரல் இல்லாததை யார் சேர்த்தார், இருமலை யார் கண்டுபிடித்தார் என்று பழைய அத்தியாயங்களைப் பிரித்துக் காட்டுங்கள். இருமல் எப்போதெல்லாம் கேட்கிறது, பயமாக இருக்கிறதா, அது ஏதாவது செய்யச் சொல்கிறதா என்று மிரட்டாமல் கேளுங்கள். கட்டளை இடுகிறது என்றாலோ, தூக்கம் கெடுகிறது என்றாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அந்த வாரமே அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

முடிந்தால் அடுத்த அத்தியாயத்தில் ஒரு காட்சியை அவளையே எழுதச் சொல்லுங்கள். கிழவர் என்ன பேச வேண்டும் என்பதை அவள் தீர்மானிக்கட்டும், பிடிக்காத வரியை அவளே அடிக்கட்டும். தொடரின் தலைப்புக்குக் கீழே இது ஏழு பேர் சேர்ந்து எழுதும் கற்பனைக் கதை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், எல்லா அத்தியாயத்திலும்.